கப்பலில் வந்த மாப்பிள்ளை

மேசைக்கு அடியில் தலையை விட்டிருந்த அப்ஸலுக்கு மேலேயிருந்து மூன்று பேர் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஊதிப் பாருப்பா," என்றார் கடைக்காரர் மீரான்.

"ஊதிட்டேன் மாமா."

"அப்பத் திருப்பிச் சொருகு."

"திருப்பினா போகாது மாமா. ஒரு பக்கம்தான் போகும்."

"எதுக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்திப் பாரேன்," என்று உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார் மீரானின் மனைவி.

"பையா, பந்த் கர்க்கே ச்சாலு கரோ," என்று இந்தியில், அணைத்துவிட்டுப் போடச் சொன்னாள் உருளைக்கிழங்கு வாங்க வந்த பெங்காலி அம்மாள். அவளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் போர்ட் பிளேரின் ஜங்லிகாட் கடைத்தெருவில் ஒருவர் குனிந்துவிட்டால் போதும், எதற்காகக் குனிந்தார் என்று தெரியாமல் மற்றவர்களுக்கு நகர மனம் வராது.

விஷயம் சின்னதுதான். மீரானின் மளிகைக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரில் ஒரு சிவப்புப் பென்டிரைவைச் சொருகியிருக்கிறார்கள். பென்டிரைவில் விளக்கு எரிகிறது. திரையில் அது தெரியவில்லை. அவ்வளவே.

இப்படிப்பட்ட வேலைக்கு அப்ஸல் வழக்கமாக நாற்காலியில் உட்காரக்கூட மாட்டான். நின்றபடியே முடித்துவிடுவான். நான்கு கடை தள்ளி அவனுடைய செல்போன், கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை. கடல் தண்ணீரில் விழுந்த போனுக்கு உயிர் கொடுத்தவன், மின்னல் வெட்டிய டிவியைப் பேச வைத்தவன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். அதிலும் மீரான் கடைக் கம்ப்யூட்டர் ஒரு தும்மல் போட்டால்கூடக் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான்.

அதற்குக் காரணம் கம்ப்யூட்டர் இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்து பில் போடும் ஹம்னா. மீரானின் ஒரே மகள். பி.காம். முடித்துவிட்டு வாப்பாவின் கடைக் கணக்கை ஒற்றை ஆளாய்ப் பார்க்கிறாள். சில்லறை இல்லையென்று மிட்டாய் கொடுக்கும் வழக்கத்தை ஒழித்த பெண். அப்ஸல் அவளிடம் இதுவரை மவுஸ், கீபோர்டு, ஆன்டிவைரஸ் மூன்றைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறான். நான்காவதாக ஒன்று சொல்ல இருந்தது. ஒவ்வொரு முறையும் வாய் திறப்பான். "அப்டேட் போட்டுக்கங்க" என்றுதான் வரும்.

இன்றைக்கு ஹம்னா நாற்காலியில் இல்லை. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, சீலிங் ஃபேனை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்ஸல் வெளியே வந்து பென்டிரைவைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"யாரு மாமா இதை வித்தது? சுத்த டூப்ளிகேட் சரக்கு. மெயின்லேண்டுல ரோட்டோரமா கூடையில போட்டுக் கூவி விப்பானுங்க. இதை வாங்குனவனுக்கும் அறிவில்ல, வித்தவனுக்கும் மனசாட்சி இல்ல."

அதே சிவப்பில் ஒரு வரிசை அவன் கடை வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் சொல்லவில்லை.

தன்னுடைய நல்ல பென்டிரைவைச் சொருகினான். அதுவும் தெரியவில்லை. அப்படியானால் குற்றம் கம்ப்யூட்டரிடம். பின்பக்கத் துளைகளைப் பார்ப்போம் என்று பெட்டியை முன்னால் இழுத்தான். பெட்டியோடு ஒயர் வந்தது. ஒயரோடு பில் அடிக்கும் பிரிண்டர் வந்தது. வந்த பிரிண்டர், முந்தின நாள் கப்பலில் இறங்கிய முட்டை அட்டைகளின் மேல் நிதானமாக உட்கார்ந்தது.

அட்டையிலிருந்து மஞ்சள் கரு வழிந்தது. கப்பல் முட்டை என்றால் அந்தமானில் யாரும் சத்தமாகக்கூடத் தும்ம மாட்டார்கள்.

"பரவால்ல," என்றார் மீரான், பரவாயில்லாத குரலில். "மேல பாரு."

அப்ஸல் மேலே பார்க்கும் வேலையாகப் பெட்டியின் மூடியைக் கழற்றினான். உப்புக் காற்றில் ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடித்து, மூடி பிடிவாதம் பிடித்தது. ஒரே இழுப்பாக இழுத்தான். உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருந்த பல்லி ஒன்று வெளிச்சம் தாங்காமல் பாய்ந்து, பெங்காலி அம்மாளின் தோளில் இறங்கியது. அவள் உருளைக்கிழங்குப் பையைத் தூக்கி எறிந்தாள். கிழங்குகள் தெருவுக்கு ஓடின. தெருவில் போன ஆட்டோ ஒன்று நின்றது. ஹம்னா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"மாமா, அப்படி என்னதான் இருக்கு இதுல? ஜிஎஸ்டி கணக்கா?" என்று கேட்டான் அப்ஸல், வியர்வையைத் துடைத்தபடி.

மீரான் சுற்றிலும் பார்த்தார். பெங்காலி அம்மாள் கிழங்கு பொறுக்கப் போயிருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளை."

"எது மாமா?"

"இதுக்குள்ள மாப்பிள்ளை இருக்காரு. நம்ம ஹம்னாவுக்கு."

அப்ஸல் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்குள் விழுந்தது.

"சைனம்பு லாத்தா கொண்டாந்து குடுத்தாங்க," என்றார் மீரான். "மெயின்லேண்டுல இருந்து கப்பல்ல வந்திருக்கு. அஸர் தொழுகைக்கு அப்புறம் பதில் கேட்டு வருவாங்க. போட்டோவப் பாத்து வையுங்கன்னாங்க."

சைனம்பு, தீவுத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குச் சம்பந்தம் பேசி முடிப்பவர். வயது வித்தியாசம் பார்க்காமல் ஊரே அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். முன்பெல்லாம் அவரும் வாட்ஸ்அப்பில்தான் போட்டோ அனுப்பினார். ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் போட்டோ காலையில் ஜங்லிகாட்டில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வடகோடி டிக்லிபூர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. பெண் வீட்டில் வேண்டாம் என்றது அந்தப் பையனுக்குத் தெரியும் முன்பே அவன் ஏறிய பஸ்ஸின் கண்டக்டருக்குத் தெரிந்திருந்தது. டிக்கெட்டோடு ஆறுதலும் சொன்னாராம்.

அன்றோடு லாத்தா சட்டத்தை மாற்றிவிட்டார். போட்டோ பென்டிரைவில் வரும். வீட்டார் மட்டும் பார்க்க வேண்டும். பார்த்துப் பிடித்திருந்தால்தான் பேர், வீடு, வகையறா. பிடிக்கவில்லையா, பென்டிரைவ் வாபஸ்; யார் எவர் என்று மூச்சு விடமாட்டார். வேண்டாமென்றவரும் வேண்டாமெனப்பட்டவரும் மறுநாள் ஒரே மீன்காரியிடம் நிற்க வேண்டிய ஊரில் வேறு வழி கிடையாது.

"நல்ல இடமாம்," என்றார் மீரான். "லாத்தா ரெண்டு தடவ சொன்னாங்க, 'பாத்தா நீங்களே சந்தோசப்படுவீங்க'ன்னு. நீ எப்படியாவது திறந்து குடுத்துரு. ஒன்னவிட்டா எனக்கு யாரு இருக்கா?"

அப்ஸல் பெட்டிக்குள் கைவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தான்.

மாமி தேநீரோடு வந்தார். "குடிப்பா. காலைல சாப்பிட்டியா இல்லியா? ஒங்க உம்மா எப்பத்தான் வர்றாங்க ஊருல இருந்து?"

"அக்காவுக்குப் பிரசவம் ஆயிருச்சு மாமி. கப்பல் டிக்கெட் கிடைக்கணும்."

"அவங்க இல்லாம நீ எலும்பா போயிட்டே."

உம்மா ராமநாதபுரம் போய் இரண்டு மாதமாகிறது. போகும்போது சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன் என்று அவன் கடையிலிருந்து பை நிறையச் சாமான் அள்ளிக்கொண்டுதான் கப்பல் ஏறினாள். அவள் இருந்திருந்தால் இப்போது ஓடிப்போய் மடியில் விழுந்திருக்கலாம். 'உம்மா, மீரான் மாமா வீட்டுக்குப் போய்ப் பேசு' என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாளாக அதைச் சொல்லாமல் ஆன்டிவைரஸ் போட்டுக்கொண்டிருந்த தன் புத்தியை, ஹோட்டல் சப்பாத்தியைத் திட்டுவது போல மனதுக்குள் திட்டினான்.

ஆனாலும் அவன் தொழில்காரன். வேலையென்று வந்துவிட்டால் வேலைதான். மாப்பிள்ளை அழகனாகவே இருக்கட்டும். திறந்து காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவோம் என்று முடிவு செய்தான்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். எழும்பும்போதே ஒரு விசையைத் தட்டி, அதன் அடிவயிற்றுக்குள் போனான். நீலத் திரையும் வெள்ளை எழுத்துமாக இருக்கும் அந்த இடத்துக்குச் சாதாரண ஆட்கள் யாரும் போவதில்லை. ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே இறங்கினான். ஒரு வரியில் நின்றான்.

யுஎஸ்பி: அடைக்கப்பட்டுள்ளது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். பென்டிரைவ் சொருகும் இந்த வாசல் தானாக அடைபடாது. பல்லியால் முடியாது. உப்புக் காற்றுக்கும் தெரியாது. யாரோ வந்து, வழி தெரிந்து வந்து, அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வழியை இந்தத் தீவில் அவன் ஒரே ஒருவருக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். போன மாதம், இதே நாற்காலியில், அவள் "இது என்ன இடம்?" என்று கேட்டபோது.

மெதுவாகத் திரும்பினான். அரிசி மூட்டை அருகே ஹம்னா இப்போது ஃபேனைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டாய் அல்லவா, இனி உன்பாடு என்பது போல ஒரு பார்வை.

அப்ஸலின் நெஞ்சுக்குள் வாலாட்டிக்கொண்டு ஏதோ ஒன்று துள்ளியது. திரையை மூடினான்.

"மாமா, மதர்போர்டு போயிருக்கும் போல."

"போன வாரம் பாத்துட்டு, கல்லு மாதிரி இருக்குன்னியே."

"அது போன வாரம் மாமா."

"சரி செய்ய முடியாதா?"

"மெயின்லேண்டுல இருந்து பார்ட்ஸ் வரணும். கப்பலப் பொறுத்து." முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். "இன்னிக்கு ஆகாது. விட்டுருங்க. கல்யாணம்லாம் அவசரப்பட்டுப் பண்ற காரியமா?"

ஹம்னா குனிந்து, விழாத ஒன்றைத் தரையில் தேடினாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் உதவி செய்யும் மனிதர்கள் என்று சிலர் உலகத்தில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு யோகராஜ் அப்படிப்பட்டவர். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பம். இப்போது போர்ட் பிளேரில் அரசாங்க கிளார்க். ஆட்டோ நின்றதைப் பார்த்து வந்தவர், விஷயம் கேட்டு, விட்ட அம்பாக வீட்டுக்குப் போய் லேப்டாப்போடு திரும்பினார்.

"இதுக்கு ஏன் பாய் டென்ஷன்? நம்ம லேப்டாப்ல போடுவம். எப்பேர்ப்பட்ட பென்டிரைவும் பேசும்."

"அண்ணே, வைரஸ் இருக்கும்," என்றான் அப்ஸல் அவசரமாக.

"இருந்தா இருக்கட்டும் தம்பி. ஆபீஸ் லேப்டாப்தான."

யோகராஜ் சொருகினார். டிங் என்று ஒரு சத்தம். அப்ஸலின் உயிர் அந்தச் சத்தத்தோடு பாதி போனது. ஆனால் மாப்பிள்ளை வரவில்லை. ஒரு சின்னப் பெட்டிதான் வந்தது. அதில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி.

"என்னா கேக்குது?" என்றார் மீரான்.

"நம்ம தம்பிதான் சொல்லணும், அவருதான் டாக்டர்," என்று யோகராஜ் ஒதுங்கினார்.

அப்ஸல் படித்தான். டூப்ளிகேட் சரக்கு தன் குணத்தைக் காட்டிவிட்டது. ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. ஒரு தட்டு தட்டினால் மாப்பிள்ளை போய்விடுவார். விரல் விசை வரைக்கும் போனது. ஆனால் அல்லாவுக்குப் பயந்த பிள்ளை. தன் கையால் அதைச் செய்ய மனம் வரவில்லை.

"உள்ள இருக்கறத பூரா அலசிக் கழுவி, புதுசு மாதிரி ஆக்கித் தரவான்னு கேக்குது மாமா," என்றான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மீரான் நெற்றியைச் சுருக்கினார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் கப்பலில் இறங்கும் எந்தச் சாமானும் அப்படியே உள்ளே வராது. பருப்பானாலும் பாத்திரமானாலும் உப்பும் தூசியும் அப்பிக்கொண்டுதான் வரும். அலசினால்தான் வீட்டுக்கு ஆகும்.

"கழுவுறது நல்லதுதானே. இதுக்கு எதுக்குய்யா கேள்வி?" என்று சொல்லி, "பிஸ்மில்லாஹ்" என்று அவரே தட்டினார்.

யோகராஜ் "பாய், இருங்க" என்பதற்குள் கழுவியாகிவிட்டது.

பெட்டி திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளை வெளேர் என்றிருந்தது.

மாமி எட்டிப் பார்த்தார். "எங்க மாப்பிள்ளை?"

"அதான் மாமி, காணோம்," என்றான் அப்ஸல்.

"என்னங்க இது, மாப்பிள்ளைக்கு மூஞ்சியே இல்ல?"

மீரான் அதிர்ந்துபோய்த் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பார்க்கச் சங்கடமாக இருந்தது. அப்ஸலுக்கு ஒரு பக்கம் குற்ற உணர்ச்சி, ஒரு பக்கம் பெருநாள்.

"கவலப்படாதீங்க பாய்," என்றார் யோகராஜ். உதவும் மனிதர்களுக்குக் களைப்பே கிடையாது. "அழிஞ்சத மீட்டுக் குடுக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. டவுன்லோட் போடுறேன். எல்லாம் திரும்பி வரும். என்னா தம்பி, வருமா வராதா?"

அப்ஸல் தலையை ஆட்டினான். வரும். வந்து தொலையும்.

டவுன்லோட் ஆரம்பித்தது. அன்றைக்கு நெட் நண்டு போல நடந்தது. இரண்டடி முன்னால், ஓரடி பக்கவாட்டில். ஆனாலும் நடந்தது. அப்ஸல் அந்தப் பச்சைக் கோட்டை, வட்டிக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில்தான் மாமிக்கு ஒரு எண்ணம் வந்தது.

"எனக்கு என்னமோ ஈரம்னுதான் படுது. கப்பல்ல வந்த சாமான். ஈரம் கோத்துக்கிட்டா எது வேலை செய்யும்? மேல நல்ல வெயிலு. டவுன்லோடு முடியுற வரைக்கும் காய வைக்கிறேன்."

"மாமி, அதெல்லாம் காய வைக்கக்—" என்று தொடங்கிய அப்ஸல், ஹம்னாவின் முகத்தைப் பார்த்தான். "—கூடாதுன்னு யாரும் சொல்லல. வையுங்க."

மொட்டைமாடியில் பாய் விரித்து நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. நெத்திலிகளின் நடுவே, ஒரு நல்ல இடமாகப் பார்த்து, மாமி மாப்பிள்ளையை வைத்துவிட்டு இறங்கினார்.

அந்தமான் மழைக்குக் கதவைத் தட்டிவிட்டு வரும் பழக்கம் கிடையாது. பச்சைக் கோடு முக்கால் தூரம் போயிருந்தபோது, வெயிலோடு வெயிலாக ஒரு மழை பிடித்தது.

"ஐயோ மீனு," என்றார் மாமி.

"ஐயோ மாப்பிள்ளை," என்றார் மீரான்.

ஹம்னா மாடிப்படியில் ஓடினாள். "நானும் போறேன்," என்று அப்ஸல் அவள் பின்னால் ஓடினான். மழையில் மீனை அள்ளும் ஆர்வம் அவனுக்கு இத்தனை நாள் எங்கிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு பேருமாக நெத்திலியை வாளியில் அள்ளினார்கள். மழை கண்ணை மறைத்தது. படிக்கட்டின் கூரைக்கு அடியில் வந்து நின்றபோது இருவர் மேலும் செதில் ஒட்டியிருந்தது. பேச வேண்டியது ஆன்டிவைரஸ் இல்லை என்பதால் அவனுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அதை அடைச்சது நீதானே?" என்றான் கடைசியில்.

"எதை?"

"யுஎஸ்பிய."

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. இங்க ஒரு கதவச் சாத்திட்டா, வேண்டாதது எதுவும் வீட்டுக்குள்ள வராதுன்னு."

"அது வைரஸுக்குச் சொன்னது."

"நானும் அப்படித்தான் நெனச்சுச் சாத்துனேன்." வாளியைக் கீழே வைத்தாள். "மதர்போர்டு போச்சுன்னு வாப்பாகிட்ட சொன்னது யாராம்?"

"யாரோ."

"அந்த யாரோவுக்கு ஏன் அவ்வளவு சந்தோசம்? முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொல்றாரு, காது வரைக்கும் சிரிப்பு இருக்கு."

அப்ஸல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அப்ப நீ மெயின்லேண்டு போக மாட்டியா?"

"எனக்குக் கப்பல்ல ஏறினா வாந்தி வரும்."

"பிளேன்ல?"

"பிளேன்லயும் வரும். மெயின்லேண்டுன்னு சொன்னாலே வரும்." கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "நாலு கடை தூரம்னா நடந்தே போயிடலாம். வராது."

அப்ஸலுக்கு மழை நின்றதா பெய்கிறதா என்று தெரியவில்லை. நான்கு கடை தூரம் என்று அவன் மனம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. கைவிரல்களை எண்ணக்கூடச் செய்தான். பூக்கடை, தையல் கடை, பழக்கடை, மருந்துக்கடை. அதற்கடுத்து அவன்.

"லாத்தா வரட்டும். உம்மா வந்ததும் முறையா வந்து கேக்கச் சொல்றேன்," என்றான். "ஆனா கீழ அந்த சாஃப்ட்வேர் இறங்கிட்டா?"

ஹம்னா வாளிக்குள் கைவிட்டுத் துழாவி, நெத்திலிக்கு நடுவிலிருந்து சிவப்புப் பென்டிரைவை வெளியே எடுத்தாள். படிக்கட்டோரம் மீன் அலச மாமி கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீர்ச் சட்டி இருந்தது.

"ஐயோ, விழுந்துருச்சே," என்றாள்.

"விழலியே. ஒன் கையிலதானே இருக்கு."

"இப்ப விழுந்துருச்சு."

ப்ளுக்.

இருவரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை இரண்டு குமிழி விட்டு அமைதியானார்.

கீழே போனபோது டவுன்லோட் முடிந்திருந்தது. யோகராஜ் பென்டிரைவை வாங்கிச் சட்டையில் துடைத்துச் சொருகினார். டிங் இல்லை. விளக்கும் இல்லை. எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"கருவாடு மணக்குது பாய்," என்றார். முதன்முறையாக அவருக்கு உதவ வழி தெரியவில்லை.

மீரான் முக்காலியில் உட்கார்ந்தார். உடைந்த முட்டையைப் பார்த்தார். வயிறு திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நனைந்த மீனைப் பார்த்தார்.

"முகத்தக்கூடக் காட்டல. அதுக்குள்ள இவ்வளவு சேதாரம். வீட்டுக்கு வந்துட்டா என்ன ஆகும்?" என்றார். பிறகு அப்ஸலை நிமிர்ந்து பார்த்தார். "நீ சொல்லுப்பா. நாலும் தெரிஞ்ச புள்ள. இந்தச் சம்பந்தம் நமக்கு ஆகுமா?"

அப்ஸலுக்குள் இத்தனை வருடம் அடைபட்டுக் கிடந்த பேச்செல்லாம் மடை திறந்துகொண்டது.

"மாமா, நீங்க கேட்டதால சொல்றேன். தப்பா எடுத்துக்கக் கூடாது. வாழ்க்கைப் பிரச்சினை. அதுக்கு இந்த மாதிரி ஒரு டுப்ளாக்கூர் பென்டிரைவுல போட்டோ அனுப்புறவன் எப்படிப்பட்ட ஆளா இருப்பான்? பக்கா கஞ்சன். நாளைக்கு நம்ம ஹம்னாவுக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுப்பானா?"

"அதானே," என்றார் மாமி.

"அவனாவது சின்னப் பையன். அவனப் பெத்த உம்மாவுக்கு எங்க போச்சு புத்தி? எவனோ ஒருத்தன் கடையில கை நீட்டி ஓசியில வாங்குன சரக்கு மாதிரி இருக்கு. அப்படிப்பட்ட பொம்பள மாமியாரா வந்தா, ஹம்னா கண்ணுல தண்ணிதான்."

"வேணாம்பா வேணாம்," என்றார் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஹம்னா வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, போதும் போதும் என்று கையைக் காட்டினாள். ஆனால் அவள் கண்ணில் அப்படியொரு பெருமை.

மழை விட்டிருந்தது. குடையை உதறிக்கொண்டு சைனம்பு லாத்தா படியேறினார். கடையின் கோலத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் பேசும் வீடுகளில் எதையும் பார்த்தவர்.

"என்ன மீரானு, மாப்பிள்ளையப் பாத்தீங்களா?"

"லாத்தா, மன்னிச்சுக்கங்க," என்று மீரான் எழுந்து நின்றார். "இந்த இடம் எங்களுக்குச் சரியா வராது."

லாத்தாவின் முகம் சுருங்கியது. "போட்டோவப் பாத்துட்டா சொல்றீங்க?"

"அது திறக்கல. திறக்காததே நல்லதுன்னு படுது."

"பாக்காமலே வேணாம்னா எப்படி? நல்ல புள்ள. கைத்தொழில் இருக்கு. பேரு சொல்ல முடியாது, என் வழக்கம் தெரியும். ஆனா நான் கியாரண்டி."

"லாத்தா," என்று அப்ஸல் குறுக்கே வந்தான். "விடுங்க. அந்த மாப்பிள்ளை வேணாம்."

லாத்தா அவன் பக்கம் திரும்பினார். மேலும் கீழுமாகப் பார்த்தார். "நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு, தம்பி."

"யோசிச்சாச்சு லாத்தா. அவனும் வேணாம், அவன் உம்மாவும் வேணாம். மாமா முடிவு பண்ணிட்டாரு. இல்லியா மாமா?"

"முடிவு பண்ணியாச்சு," என்றார் மீரான்.

லாத்தா பென்டிரைவை வாங்கி, அதிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீரை முந்தானையில் துடைத்து, அப்ஸலின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அப்ப ஒங்க உம்மாவுக்கு நீயே போனப் போட்டுச் சொல்லிடு அப்ஸலு, என்னால ஆகாது, ஒன் போட்டோவ ஆசை ஆசையா இதுல ஏத்தி, கப்பல்ல குடுத்துவிட்டது அவதான்."